ஆறு, தோராயமாக

நியான் வேண்டாம் என்றாள் கடைக்காரப் பெண்.
பெயர் ஜெரினா. ஒரு காதில் மட்டும் ஹெட்போன்.
அஞ்சு ரோட்டுக்குப் பின்சந்து,
அறுபது தொட்டிகளின் மோட்டாரும் ஒரே மூச்சில் இரைந்துகொண்டிருந்தன.

நான் கேட்டது நியான்தான்.
நீலமும் சிவப்புமாய்
ராத்திரி நகைக்கடை போர்டு மாதிரி இருந்தது.
"ஏற்காடா? குளிருக்குச் செத்துரும்.
ஹீட்டர் வாங்குவீங்க, கரண்ட் போகும்,
காலைல போன்ல என்னைத் திட்டுவீங்க."

தங்கமீன்?
"தொட்டி எத்தனை லிட்டர்?"
நாற்பது.
அவள் சிரிக்கக்கூட இல்லை.
ஏஞ்சல்?
வேறு யாருக்கோ புழுப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்து கீழ்த்தட்டைக் காட்டினாள்,
யாரும் குனிந்து பார்க்காத தொட்டியை.
சுண்டுவிரல் நீளம் இருந்தால் அதிகம்.
வெள்ளி உடம்பில் நீலக்கோடுகள்
பேரேட்டில் ஸ்கேல் வைத்து இழுத்தது போல
செவுளிலிருந்து வால் நுனிவரை.
ஜீப்ரா.
"குளிர் தாங்கும். சேலத்து வெயிலும் தாங்கும்.
ரெண்டு நாள் தீனி மறந்தாலும் தாங்கும்.
தனியா விட்டா மட்டும் தாங்காது."

ரெண்டு கொடுங்க.
"ஆறு."
மூணு?
"ஆறு. ரெண்டுன்னா ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே இருக்கும்.
ஆறு இருந்தா
யாரைத் துரத்துறோம்ங்கிறதே மறந்துபோகும்."

சரி, ஆறு என்று பர்ஸைத் திறந்தேன்.
"தண்ணி ஊத்தி எத்தனை நாள் ஆச்சு?"
நேற்று.
"மூணு வாரம் கழிச்சு வாங்க."
தன் பில்டரிலிருந்து பழுப்பேறிய பஞ்சு ஒரு துண்டு
பிய்த்துக் கையில் வைத்தாள்.
காசு வாங்கவில்லை.

மூன்று வாரம் வெறுந்தண்ணீர் வளர்த்தேன்.
இல்லாத மீனுக்கு
தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன்.
கணக்குச் சாவி வாங்க வந்த அட்டெண்டர் பொன்னுரங்கம்
இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்துவிட்டு
"மீன் எங்க மேடம்?" என்றார்.
முதலில் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் குடிவரணும் என்றேன்.
அன்றிலிருந்து என்னிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்.

இருபது கொண்டை ஊசி.
மடியில் பை, பைக்குள் ஆறு.
பஸ் இடது பக்கம் ஒடிந்தால் தண்ணீர் வலது பக்கம் சாயும்,
மீன்கள் ஒன்றாய்த் திரும்பி
தண்ணீருக்கு எதிர்முகமாய் நிற்கும்.
அடுத்த வளைவில் மறுபடி.
சொல்லிவைத்தது போல, ஆனால் யார் சொன்னது?
முன்சீட்டுப் பையன்
வாந்திக்கும் வாந்திக்கும் நடுவே தலைதூக்கி
"அதுங்களுக்கு வராதா?" என்றான்.

பதினான்காவது வளைவுக்குமேல் பை உப்ப ஆரம்பித்தது,
மலைக்கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் போல.
வெடிக்குமோ என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன்.
அமுக்கவும் பயம், விடவும் பயம்.

நான் கேஷியர். கூட்டுறவு வங்கி, பன்னிரண்டு வருஷம்.
கட்டை விரலுக்கு எண்ணத் தெரியும், கண் பார்க்கவே வேண்டாம்.
மிளகுக்காரர்கள் தரும் ஈரநோட்டானாலும்
சாயந்திரம் நாலரைக்கு ஒரு ரூபாய் பிசகாது.

இந்த ஆறை என்னால் எண்ண முடியவில்லை.
ஐந்து. ஏழு. ஐந்து.
மூன்றாவதை எண்ணும்போது
முதலாவது நாலாவதாகிவிடுகிறது.
யாரும் வரிசையில் நிற்பதில்லை,
ஆனாலும் வரிசை கலைவதுமில்லை.

நேற்று மூடி ஒரு விரற்கடை விலகியிருந்தது.
குதிக்கும், மூடி முக்கியம் என்று அவள்தான் சொன்னாள்.
செல்போன் வெளிச்சத்தில் கட்டிலடியில் ஊர்ந்தேன்.
ஒரு ஹேர்பின். ஐந்து ரூபாய்.
போன மழையில் காணாமல் போன சாக்ஸ்.
மீன் இல்லை.

ஜன்னலில் பனிமூட்டம் வந்து ஒட்டியிருந்தது.
மறுபடி எண்ணினேன். விட்டுவிட்டேன்.
நோட்டில் தேதி போட்டு
தண்ணீர் பதினெட்டு டிகிரி,
மீன் ஆறு, தோராயமாக என்று எழுதினேன்.
வாழ்க்கையில் முதல்முறை கணக்கில் அந்த வார்த்தை.

இரண்டு முறை ஏழு வந்தது.
அடுத்த தடவை இறங்கும்போது
ஜெரினாவிடம் கேட்க வேண்டும்.